இல்லாத பெட்டிக்கு ஏது வரி?

உண்டு என்று உரைப்பவன் எவனோ, அவனே அதை மெய்ப்பிக்கக் கடமைப்பட்டவன். பகுத்தறிவின் அரிச்சுவடி இது. அதிகாரத்தின் வாயிலிலோ இந்த அரிச்சுவடி தலைகீழாகப் படிக்கப்படுகிறது. “உன்னிடம் இல்லை என்பதை நீ மெய்ப்பி, இல்லையேல் பணத்தைக் கட்டு!” என்கிறது அது. இது இன்று நேற்று முளைத்த வழக்கமன்று.

ஓட்டப்பிடாரம் ஈன்ற வ.உ.சிதம்பரனார் 1908 மார்ச் 12ஆம் நாள் சிறைப்படுத்தப்பட்டார். மறுநாள் நெல்லை கொதித்தெழுந்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். அதன்பின் வெள்ளை அரசு நெல்லையிலும் தூத்துக்குடியிலும் தண்டப் போலீசை நிறுத்திற்று. அதன் செலவை ஊரார் தலையில் வரியாகச் சுமத்திற்று. கல்லெறிந்தவன் யார், கதவடைத்து வீட்டில் இருந்தவன் யார் என்ற ஆராய்ச்சி இல்லை. ஊரில் குடியிருந்ததே குற்றம்!

பின்னர் வந்தது வானொலி. 1933ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம், உரிமமின்றி வானொலிப் பெட்டி வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் பணம் கட்டி உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். அச்சட்டத்தில் ஒரு நுட்பம் உண்டு. எவன் ஆளுகையில் உள்ள இடத்தில் பெட்டி காணப்படுகிறதோ, அவன் வசமே அது இருப்பதாக நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளலாம். நண்பன் வைத்துவிட்டுப் போன பெட்டிக்குத் தேநீர்க் கடைக்காரன் பதில் சொல்ல நேரலாம்! 1959இல் தில்லியிலும் 1975இல் சென்னையிலும் தொலைக்காட்சி தோன்றியபோது உரிமமும் உடன் வந்தது. 1980களின் நடுவில்தான் இரண்டுக்கும் கட்டணம் ஒழிந்தது.

இந்த உரிம முறையை நமக்குக் கற்றுக்கொடுத்த பிரிட்டனில் அது இன்னும் ஒழியவில்லை. வானொலிக்கு 1922இல் உரிமம் வந்தது. தொலைக்காட்சிக்கு 1946இல் வந்தது. இங்கே பெட்டியைக் கண்ட பிறகே ஊகம் பிறந்தது. அங்கேயோ, உரிமம் இல்லாத முகவரி என்றாலே ஐயம் பிறக்கிறது. லண்டனில் ஈழத்தமிழர் வீடாயினும் ஆங்கிலேயர் வீடாயினும், அத்தகைய முகவரிக்குக் கடிதம் மேல் கடிதம் வரும். விசாரணை என்ற சொல் மிரட்டும். பிறகு ஆள் வந்து கதவைத் தட்டுவார்.

சட்டம் சொல்வதோ வேறு. ஒளிபரப்பாகும் வேளையில் எந்த நிகழ்ச்சியையும் பார்க்காமலும் பதிவு செய்யாமலும், பி.பி.சி.யின் ஐபிளேயரைப் பயன்படுத்தாமலும் இருப்பவர்க்கு உரிமம் தேவையில்லை. அதைத் தெரிவித்துவிடலாம், தெரிவித்தே தீரவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வீட்டார் இசைவோ நீதிமன்ற ஆணையோ இன்றி வந்தவர் உள்ளே நுழைய முடியாது. இதை அறியாதவர் அஞ்சுகிறார், அஞ்சியவர் கட்டுகிறார். இக்குற்றத்துக்காகத் தண்டிக்கப்படுவோருள் பத்தில் ஏழு பேருக்கு மேல் பெண்கள். ஆள் தட்டும்போது வீட்டிலிருந்து கதவைத் திறப்பவர்கள் அவர்களே என்பது அதற்கொரு காரணம். வீட்டுக்குள் பூட்டிவைத்த சமுதாயம், அதற்கும் பெண்ணிடமே தண்டம் வாங்குகிறது!

தோழர்களே! வரியே வேண்டா என்பதன்று நம் வாதம். பள்ளிக்கும் பாலத்துக்கும் பொது ஒலிபரப்புக்கும் பணம் வேண்டும். கடமைப்பட்டவன் தரத்தான் வேண்டும். ஆனால், கடனாளி என்று சொல்பவன் கணக்கைக் காட்டட்டும். அச்சிட்ட தாளும் முத்திரையும் சான்று ஆகா. வேதம் என்றதும் வாய்பொத்திய காலம் போயிற்று; நோட்டீசு என்றதும் கைகட்டும் காலமும் போகட்டும். தாள் வந்தால் கிழிக்க வேண்டா, அஞ்சவும் வேண்டா. எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, என்ன சான்று என்று எழுத்தில் கேளுங்கள். படியொன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத அண்டை வீட்டுத் தாய்க்கும் அந்த மூன்று கேள்விகளை எழுதிக் கொடுங்கள்.