கோழிக்கோட்டிலிருந்து ஊட்டிக்கு நடந்தவர்களின் காய்ச்சல் கதை

1/ ஊட்டிக்குப் போக மேட்டுப்பாளையம் வழி, கூடலூர் வழி எல்லாருக்கும் தெரியும். கோழிக்கோட்டுப் பக்கத்திலிருந்து குந்தா மலை ஏறி, அவலாஞ்சி வழியா ஊட்டி வர்ற ஒரு நெடும்பாதையும் இருந்துச்சு. அதோட வரலாற்றுல பாதி மருத்துவ வரலாறு. கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா வாசிங்க.

2/ போன மாசம் டியூட்டி இல்லாத ஒரு ஞாயிறு. நாங்க மூணு டாக்டருங்க இத்தலாரிலிருந்து எமரால்டு பக்கம் நடந்தோம். அந்த நெடும்பாதையின் மேல்கோடி இந்தப் பகுதிதான். தேயிலை, கேரட், உருளைக்கிழங்கு, நடுவுல படுகர் ஹட்டிகள். "ட்ரெக்கிங்கா சார்? நாங்க தினம் நடக்கிறதுதானே இது"ன்னு ஒரு பெரியவர் சிரிச்சார்.

3/ அவர் சொன்னது சரி. நீலகிரியை 1819-இல் ஜான் சல்லிவன் "கண்டுபிடித்தார்" என்று இன்னமும் சொல்கிறோம். ஆனால் மலைக்கு ஏறும் ஒற்றையடிப் பாதைகள் அதற்குப் பல தலைமுறை முன்பே இருந்தன. அதுக்கு எழுத்துச் சாட்சியும் இருக்கு.

4/ 1603. ஜாகோமோ ஃபெனிசியோ என்ற இயேசு சபைப் பாதிரியார் கோழிக்கோட்டிலிருந்து கிளம்பி, மண்ணார்க்காடு வழியாக இந்த மலைக்கு ஏறினார். மலை மேல் பழைய கிறிஸ்தவர்கள் இருப்பதாக ஒரு வதந்தி. மேலே அவர் பார்த்தது தோடர்களையும் படுகர்களையும். பெண்களுக்குக் கண்ணாடியும் நூலும் கொடுத்ததா அவரோட கடிதத்துல இருக்கு.

5/ அவர் தங்கிய படுகர் ஊர் இன்றைய மேல்குந்தா என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மஞ்சூர் பக்கத்து ஊர். அந்தக் கடிதம் பரவலாக வெளியே வந்தது 1906-இல், தோடர்களைப் பற்றிய டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸின் நூலில். ரிவர்ஸ் நம்ம ஆளு, ஒரு டாக்டர். பின்னாளில் முதல் உலகப் போரில் மனம் உடைந்த சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்த்தவர்.

6/ அடுத்து வெள்ளைக்காரர் காலம். நோயுற்ற ஐரோப்பியர்கள் உடம்பு தேற ஊட்டியை ஆரோக்கிய வாசஸ்தலமாக்கினார்கள். மலபார் கடற்கரையிலிருந்து நேராக வர, 1830-களில் சிஸ்பாரா கணவாய் வழியாகப் பாதை போட்டார்கள். ஊட்டி, அவலாஞ்சி, சிஸ்பாரா, பிறகு காட்டுக்குள் செங்குத்தான இறக்கம், அப்புறம் மலபார் சமவெளி.

7/ இந்தப் பாதைக்கு இரண்டு எதிரிகள். மேலே மழையும் குளிரும். அவலாஞ்சி மழை எப்படின்னா, 2019 ஆகஸ்ட்டில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. சென்னைக்குப் பல மாசத்துல பெய்யிற மழை அது. கீழே அடிவாரத்தில் காய்ச்சல். அதாவது மலேரியா.

8/ மலேரியா என்ற சொல்லுக்கே "கெட்ட காற்று" என்றுதான் பொருள். காட்டு ஆவியால் காய்ச்சல் வருதுன்னு அன்னிக்கு நம்பினாங்க. இராத்திரி அடிவாரத்தில் தங்காதே என்பது பயணிகளுக்கான எச்சரிக்கை. காரணம் தப்பு, அறிவுரை சரி. அனோபிலஸ் கொசு கடிப்பது அந்தி முதல் விடியல் வரைதான்.

9/ அப்போ ஊட்டி ஏன் தப்பிச்சது? கொசுவின் உடலுக்குள் மலேரியா கிருமி வளர வெப்பம் வேணும். சுமார் 16 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வைவாக்ஸ் வகை வளராது. ஃபால்சிபாரம் வகைக்குச் சுமார் 18 டிகிரி. ஊட்டியின் குளிர்தான் தடுப்பு மருந்து. காற்றின் "தூய்மை" இல்லை.

10/ இன்னொரு குழப்பமும் இருந்துச்சு. கடித்த உடனே காய்ச்சல் வராது. பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும், சில சமயம் அதுக்கும் மேல. கீழே கடி வாங்கியவர் மேலே போய்ப் படுக்கையில் விழுவார். காய்ச்சலையும் அவர் கடந்து வந்த இரவின் கொசுக்கடியையும் இணைத்துப் பார்ப்பது அன்று எளிதாக இல்லை.

11/ அந்த முடிச்சு அவிழ்ந்ததிலும் நீலகிரிக்குப் பங்கு உண்டு. 1897-இல் விடுப்பில் ஊட்டி வந்த ரொனால்ட் ராஸ், சீகூர் மலைப்பாதைப் பக்கம் மலேரியாவை ஆராயப் போனார். அவருக்கே காய்ச்சல் வந்தது, குவினைன் சாப்பிட்டுத் தேறினார். அதே ஆண்டு ஆகஸ்ட் 20, செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் கிருமியைக் கண்டார். 1902-இல் நோபல் பரிசு.

12/ எனக்கு உறுத்துவது இதுதான். வெள்ளைக்காரர் இந்த மலைகளுக்குப் பல்லக்கிலும் மஞ்சலிலும் வந்தார்கள். தூக்கினவங்க நடந்து வந்தாங்க. பல்லக்கில் இருந்தவர் மேலேயே தங்கிக்கலாம். தூக்கினவர் மறுபடி அதே காட்டுக்குள் இறங்கணும், அங்கேயே படுக்கணும், அடுத்த சுமையோடு மறுபடி ஏறணும். கொசுக்கடி யாருக்கு அதிகம்னு கணக்குப் போட டாக்டருக்குப் படிக்கணுமா என்ன?

13/ பயணக் குறிப்புகளில் பல்லக்கில் வந்தவர் பெயர் இருக்கு, அவர் உடல்நிலையும் இருக்கு. சுமந்தவர்கள் "கூலிகள்" என்ற ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறார்கள். சிலருடைய ஆரோக்கியத்துக்காகப் போட்ட பாதையில் வேறு சிலர் தங்கள் ஆரோக்கியத்தைக் கொடுத்திருக்கிறார்கள்.

14/ வண்டி போகும் மற்ற மலைச்சாலைகள் வந்த பிறகு சிஸ்பாரா பாதை கைவிடப்பட்டது, காடு அதை எடுத்துக்கொண்டது. இன்று சிஸ்பாரா முக்கூர்த்தி தேசியப் பூங்காவுக்குள். வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது. வரையாட்டின் வீடு அது. நாங்க எமரால்டு அணையைப் பார்த்துட்டு பஸ் பிடிச்சோம்.

15/ இப்போ உங்களுக்கு. மலையிலோ காட்டிலோ நடந்து வந்த 3 வாரத்துக்குள் காய்ச்சல் வந்தா, டாக்டரிடம் "எங்கே நடந்தேன், எங்கே படுத்தேன்"னு கட்டாயம் சொல்லுங்க. மலேரியா மட்டுமில்லை, புதரிலிருக்கும் சிற்றுண்ணி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸும் இந்த மலைகளில் உண்டு. சிகரெட்டால் சுட்டது போல கறுப்புப் பொருக்கு உடம்பில் எங்காவது இருக்கான்னு பாருங்க. அக்குள், இடுப்பு மறைவா இருக்கும். சீக்கிரம் கண்டுபிடிச்சா டாக்ஸிசைக்ளின் மாத்திரையே பெரும்பாலும் போதும்.

16/ தோட்டத்துல, காட்டுல தினமும் நடக்கிறவங்களுக்கு இது ட்ரெக்கிங் இல்லை, பிழைப்பு. அவங்களா வந்து "எங்கே போனேன்"னு சொல்ல மாட்டாங்க. ஓ.பி.யில் இருக்கும் தம்பி தங்கைகளே, அதை நாமதான் கேட்கணும். பல்லக்கு சுமந்தவங்ககிட்ட யாரும் கேட்காம விட்ட கேள்வி அது.