நடு இரவில்
வீணை எஸ். பாலசந்தர் தயாரித்து, இயக்கி, இசையமைத்து, மருத்துவராக நடிக்கவும் செய்த கறுப்பு வெள்ளைத் தமிழ் மர்மப் படம். வெளியான ஆண்டு 1970. செல்வந்தர் தயானந்தம் (மேஜர் சுந்தரராஜன்) வாழும் தீவு மாளிகையில் உறவினர்கள் கூடுகிறார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கொல்லப்படுகிறார்கள். பண்டரிபாய், சௌகார் ஜானகி, சோ ஆகியோரும் நடித்தனர்.

அகதா கிறிஸ்டியின் 1939ஆம் ஆண்டு நாவலின் சாயல் இதில் தெளிவு. ஆனால் படத்தின் மூதாதை அதற்கும் முந்தையது. 'தி கேட் அண்ட் தி கேனரி' (1927), ஜேம்ஸ் வேலின் 'தி ஓல்ட் டார்க் ஹவுஸ்' (1932) ஆகியவை வகுத்த பாதையில், ஹாலிவுட்டின் சிறு ஸ்டூடியோக்கள் இத்தகைய படங்களை மலிவாக எடுத்துத் தள்ளின. ஒரே வீடு, ஒரே இரவு, ஒரு உயில், கொஞ்சம் இருட்டு: செட்டுச் செலவு மிச்சம். இருட்டுக்கு வாடகை கிடையாது அல்லவா!

பாடலே இல்லாத 'அந்த நாள்' (1954), 'பொம்மை' (1964) ஆகியவற்றையும் இயக்கியவர் பாலசந்தர். அவர் இயக்கிய கடைசிப் படம் இதுவே. அதன்பின் வீணையோடு நின்றுவிட்டார்.