நியூயார்க்கின் செவ்வால் பருந்துகள்

செவ்வால் பருந்து வட அமெரிக்காவில் பரவலாகக் காணப்படும் வேட்டைப் பறவை. அறிவியல் பெயர் பியூட்டியோ ஜமைக்கென்சிஸ். காட்டோர மரங்களிலும் பாறை முகடுகளிலும் கூடு கட்டும் இப்பறவை, 1990-களிலிருந்து நியூயார்க்கின் அடுக்குமாடிக் கட்டடங்களிலும் குடியேறிக் குஞ்சு பொரித்து வருகிறது. அதைப் பார்ப்பதற்கென்றே தொலைநோக்கியுடன் பூங்கா பெஞ்சுகளில் கூடும் ஒரு கூட்டமும் அந்நகரில் உருவானது. வீட்டைவிட்டுக் காட்டுக்குப் போகாமலே ஒரு வேட்டைப் பறவையின் குடும்ப வாழ்க்கையை முட்டை முதல் முதல் பறத்தல் வரை பொதுமக்கள் தொடர்ந்து பார்த்த நிகழ்வுகளில், அதிகம் பேசப்பட்டவற்றில் இதுவும் ஒன்று.

தமிழகத்துக் குளக்கரைகளில் வட்டமிடும் செம்பருந்தும் இதுவும் வேறு வேறு. செவ்வால் பருந்து உடல் பருத்தது, சிறகு அகன்றது. விரித்த சிறகின் நீளம் ஒரு மீட்டருக்கு மேல் போகும். பெண் பறவை ஆணைவிடப் பெரியது. வளர்ந்த பறவையின் வால் மேற்புறம் செங்கல் நிறத்தில் இருக்கும். முதலாண்டுப் பறவைக்கு அந்தச் சிவப்பு வராது. வால் பழுப்பாக, குறுக்குக் கோடுகளுடன் இருக்கும், கண்ணும் வெளிர்மஞ்சளாக இருக்கும். கூட்டருகே அமர்ந்திருப்பது தாயா பிள்ளையா என்று கீழிருந்தே சொல்ல இந்த வால் போதும். இதன் குரலை ஏறக்குறைய எல்லோரும் கேட்டிருப்பார்கள். ஹாலிவுட் படங்களில் கழுகைக் காட்டும்போதெல்லாம் ஒலிக்கும் கரகரத்த நீண்ட கூவல் பெரும்பாலும் இந்தப் பருந்தினுடையது. வெண்தலைக் கழுகின் உண்மையான குரல் மெலிந்த கீச்சொலி, படத்துக்கு எடுபடாது.

ஐந்தாம் அவென்யூக் கூடு

1991-இல் சென்ட்ரல் பூங்காவில் வழக்கத்தைவிட வெளிறிய இறகுகளுடன் ஓர் இளம் ஆண் பருந்து தென்பட்டது. வால் ஸ்ட்ரீட் ஜர்னல் இதழில் இயற்கை பற்றிப் பத்தி எழுதி வந்த மேரி வின் அதற்கு 'பேல் மேல்', அதாவது வெளிர்நிற ஆண், என்று பெயரிட்டார். 1993-இல் அது பூங்காவின் கிழக்கு எல்லையில், ஐந்தாம் அவென்யூ 927-ஆம் எண் கட்டடத்தின் 12-ஆம் மாடிச் சன்னலுக்கு மேலுள்ள அலங்கார வளைவில் கூடு கட்டியது. நகரின் விலை உயர்ந்த குடியிருப்புகளில் அது ஒன்று. புறா உட்காராதபடி அந்த வளைவில் கம்பி முட்கள் பதித்திருந்தார்கள். சுள்ளிகள் காற்றில் பறக்காமல் பிடித்துக்கொண்டவை அந்த முட்களே. புறாவை விரட்டப் பதித்த கம்பி, புறாவைத் தின்னும் பறவைக்கு அடித்தளமாயிற்று.

இடத்தேர்வில் விசித்திரம் ஏதுமில்லை. பருந்தின் கண்ணுக்கு அந்தக் கட்டட வரிசை ஒரு செங்குத்துப் பாறை. எதிரே பரந்து கிடக்கும் பூங்கா, வேட்டைக்கான திறந்தவெளி. புறா, எலி, அணில் மூன்றுக்கும் குறைவில்லை. முட்டையைத் தேடி மரமேறி வரும் விலங்குகள் 12-ஆம் மாடிக்கு வருவதில்லை. மரத்தில் கட்டும் கூடுகளைச் சுற்றித் தொல்லை தரும் காகங்களும் இங்கே குறைவு.

1995-இல் முதன்முறையாகக் குஞ்சு பொரிந்தது. சாலைக்கு இப்பால், பொம்மைப் படகு விடும் குளத்தின் கரையில் இருந்த பெஞ்சுகள் பார்வையாளர் மாடமாக மாறின. தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் வழிப்போக்கர்களையும் குனிந்து பார்க்கச் சொன்னார்கள். பருந்து வந்து அமரும் மாடி முனை ஒவ்வொன்றுக்கும் பெயர் வந்தது; திரைப்பட இயக்குநர் வுடி ஆலன் குடியிருந்த கட்டடத்தின் உச்சிக்கு அவர் பெயரே. 1998-இல் மேரி வின் எழுதி வெளிவந்த 'ரெட்-டெயில்ஸ் இன் லவ்' என்ற நூல் பருந்துகளைப் போலவே அந்த பெஞ்சுக் கூட்டத்தையும் பாத்திரங்களாக்கியது. பெல்ஜியத்திலிருந்து வந்த பிரெடரிக் லிலியன் அங்கேயே படமெடுக்கக் கற்று ஆவணப்படங்கள் எடுத்தார். குழந்தைகளுக்கான படப்புத்தகங்களும் வந்தன.

கீழிருந்து தெரிவதும் தெரியாததும்

12 மாடி உயரக் கூட்டின் உட்புறம் தரையிலிருந்து தெரியாது. எனவே பெஞ்சில் இருப்பவர்கள் முட்டையையோ பொரிப்பையோ பார்ப்பதில்லை. தாயின் உடல் அசைவைப் படித்து ஊகிக்கிறார்கள். மார்ச் மாதத்தில் பெண் பருந்து கூட்டில் தாழ்ந்து படுத்து, உச்சந்தலை மட்டும் விளிம்புக்கு மேல் தெரியும்படி மணிக்கணக்கில் அசையாமல் இருந்தால் முட்டை வைத்துவிட்டது என்று பொருள். வழக்கமாக 2 அல்லது 3 முட்டை. ஆணும் இடையிடையே அடைகாக்கும். அது வந்து இறங்கும்போது பெண் எழுந்து சிறகு முறித்துப் பறந்துபோகும். அடைகாப்பு 28 முதல் 35 நாள்.

பொரிப்புக்கான அடையாளம் நுட்பமானது. அதுவரை தட்டையாகப் படுத்திருந்த தாய் சற்று உயர்ந்து, உடம்பின் பாரத்தை இறக்காமல் உட்காரும். அடிக்கடி தன் மார்புக்குக் கீழே தலையைக் குனிந்து பார்க்கும். ஆண் கொண்டுவரும் புறா பெரும்பாலும் இறகு பிடுங்கப்பட்டு, தலை இல்லாமலே வரும். தாய் அதைக் காலால் அழுத்தி, அலகால் கிள்ளி, விரல் நுனியளவு சதையைப் பக்கவாட்டில் தலை சாய்த்துக் கூட்டுக்குள் நீட்டும். நீட்டிய அலகு வெறுமையாக மேலே வந்தால் கீழே வாங்கிக்கொள்ள ஒரு வாய் இருக்கிறது. பெஞ்சுக்காரர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொள்வது இந்தக் கணத்தில்தான், குஞ்சை ஒருவரும் பார்த்திராவிட்டாலும்.

வெண்பஞ்சுத் தலை ஒன்று விளிம்புக்கு மேல் ஆடியபடி எட்டிப் பார்க்க இன்னும் சில நாள் ஆகும். குஞ்சுகள் ஓரிரு நாள் இடைவெளியில் பொரிவதால் முதலில் வந்ததும் கடைசியில் வந்ததும் அளவில் வேறுபடும். இரை குறைந்தால் கடைக்குட்டிக்குத்தான் ஆபத்து. எச்சமிட வேண்டும் என்றால் குஞ்சு பின்பக்கமாகவே நடந்து விளிம்புக்கு வந்து வாலைத் தூக்கி வெளியே பீய்ச்சும். கூடு சுத்தமாக இருக்கும். கீழே நடைபாதையும் முகப்பும் சுத்தமாக இருப்பதில்லை. கட்டடத்தாருக்கும் பருந்துக்கும் பிணக்கு வந்ததற்கு இந்த எச்சமும், மேலிருந்து விழும் எலும்பு இறகுத் துண்டுகளும் முக்கியக் காரணங்கள்.

மூன்றாம் வாரத்துக்குப் பின் பஞ்சின் இடையே பழுப்பு இறகுகள் முளைக்கும். ஐந்தாம் வாரத்தில் குஞ்சுகள் காற்றை நோக்கி நின்று சிறகடித்து ஒரு முழ உயரம் எழும்பி மறுபடி கூட்டிலேயே இறங்கிப் பழகும். மரக்கூட்டுக் குஞ்சு பக்கத்துக் கிளைக்குத் தத்திப் பார்க்கலாம். கட்டட முகப்பில் கிளை கிடையாது. முதல் முயற்சியே சாலையைத் தாண்டும் முயற்சியாக இருக்க வேண்டும். ஆறேழு வாரத்தில், ஜூன் தொடக்கத்தில், அது நடக்கும். சில குஞ்சுகள் நேராகப் பூங்கா மரத்தை எட்டிவிடும், சில பக்கத்துக் கட்டடப் பால்கனியில் போய் மோதி இறங்கும், சில நடைபாதையில் நிற்கும். பறந்த பிறகும் பல வாரம் பெற்றோரே ஊட்டும். அந்நாட்களில் இளம்பருந்து சுள்ளியை எலியாகப் பாவித்துப் பாய்ந்து பிடித்து உதறுவதையும், நீலக் குருவிக் கூட்டம் அதன் தலையைக் கொத்தி விரட்டுவதையும் பூங்காவில் வெகு அருகே காணலாம்.

2004 டிசம்பர்

இடம்பெயரும் பறவைகளைக் காக்கும் அமெரிக்கச் சட்டம் 1918-இல் வந்தது. 1993-இல் கட்டடத்தார் கூட்டை ஒருமுறை அகற்றியபோது, இனி அப்படிச் செய்யக் கூடாது என்று மத்திய வனவிலங்குத் துறை அச்சட்டத்தைக் காட்டித் தடுத்தது. ஆனால் 2003-இல் அதே துறை, முட்டையோ குஞ்சோ இல்லாத கூட்டை அகற்றுவது குற்றமாகாது என்று விளக்கம் வெளியிட்டது. 2004 டிசம்பர் 7 அன்று கட்டட நிர்வாகம் ஆட்களை இறக்கிக் கூட்டையும் கம்பி முட்களையும் அகற்றியது.

மறுநாளே எதிர்ச்சாரியில் போராட்டம் தொடங்கிவிட்டது. பருந்துகளுக்காக ஹாரன் அடியுங்கள் என்று பதாகை பிடித்தார்கள். டாக்சிகளும் பேருந்துகளும் அடித்துத் தள்ளின. நியூயார்க் ஓட்டுநர்களிடம் இதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. அதே கட்டடத்தில் குடியிருந்த நடிகை மேரி டைலர் மூரும் போராட்டக்காரர்கள் பக்கம் நின்றார். பறவைப் பாதுகாப்பு அமைப்பான நியூயார்க் நகர ஆடுபான் சங்கம் நிர்வாகத்துடன் பேசியது. டிசம்பர் 23 அன்று அதே வளைவில் துருப்பிடிக்காத எஃகில் செய்த தொட்டில் போன்ற தாங்கி பொருத்தப்பட்டு, கம்பி முட்களும் திரும்ப வந்தன. ஜோடியும் திரும்பிச் சுள்ளி அடுக்கியது.

அகற்றியதற்கும் திரும்பப் பொருத்தியதற்கும் இடையே 16 நாள்தான். சட்டம் கைவிட்ட கூடு திரும்பக் கிடைத்ததற்குக் காரணம் வேறெதுவுமில்லை, பத்தாண்டுக்கும் மேலாக அதை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இருந்தார்கள். யாரும் தொலைநோக்கி திருப்பாத ஒரு மாடியில் அந்தக் கூடு இருந்திருந்தால் செய்திக்கே வந்திருக்காது.

ஆனால் 2005 முதல் 2010 வரை அந்தக் கூட்டில் ஒரு முட்டையும் பொரியவில்லை. எஃகுக் கம்பிகள் முட்டையைக் குளிரவைக்கின்றன என்றனர் ஒரு சாரார். ஆணுக்கு வயதாகிவிட்டது என்றனர் மற்றவர்கள். 2010-இன் இறுதியில் 'லோலா' என்ற நெடுநாள் துணை காணாமல் போய், 'லிமா' என்று பெயர் பெற்ற இளம் பெண் வந்தது. 2011-இல் மீண்டும் குஞ்சு பொரிந்தது. வயது வாதம் அத்துடன் வலுவிழந்தது.

பேல் மேல் 2023 மே மாதம் இறந்ததாக அறிவிக்கப்பட்டது. அப்படியானால் அதற்கு 30 வயதைத் தாண்டியிருக்க வேண்டும். காட்டுப் பருந்துக்கு அது அசாதாரணமான ஆயுள். அதன் காலில் வளையம் எதுவும் ஒருபோதும் மாட்டப்படவில்லை. ஆகவே 1991-இல் வந்த பறவையும் 2023-இல் இறந்த பறவையும் ஒன்றுதானா, இடையில் இன்னொரு வெளிர்நிற ஆண் அந்த இடத்தைப் பிடித்ததா என்ற ஐயத்தைப் பறவை ஆய்வாளர்கள் சிலர் எழுப்பியிருக்கிறார்கள். நியாயமான ஐயமே.

சன்னலுக்கு வெளியே ஒரு கேமரா

2011-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் பாப்ஸ்ட் நூலகக் கட்டடத்தில், பல்கலைக்கழகத் தலைவரின் 12-ஆம் மாடி அறைச் சன்னலுக்கு வெளியே ஒரு ஜோடி கூடு கட்டியது. நியூயார்க் டைம்ஸ் நாளேடு அங்கே கேமரா வைத்து இணையத்தில் நேரலையாகக் காட்டியது. நூலகத்தின் பெயரால் ஆண் 'பாபி', பல்கலைக்கழகத்தின் ஊதா நிறத்தால் பெண் 'வயலெட்'. எதிர்பார்த்த நாள் கடந்தும் முட்டை பொரியாததால் பலர் நம்பிக்கையை விட்டுவிட்டிருந்த வேளையில், மே மாதம் ஒரே ஒரு குஞ்சு வந்தது. அதற்கு 'பிப்' என்று பெயர்.

பெஞ்சு காட்டாததைக் கேமரா காட்டியது. வயலெட்டின் காலில் மாட்டியிருந்த ஆய்வு வளையம் நெருக்கி, கால் வீங்கியிருந்தது எல்லோர் கண்ணிலும் பட்டது. பிடித்து வளையத்தை வெட்ட வேண்டும் என்று பார்வையாளர்களில் பலர் வற்புறுத்தினார்கள். அதிகாரிகளும் கால்நடை மருத்துவர்களும் கூடிப் பேசி, தாயைப் பிடித்தால் குஞ்சுக்கு ஆபத்து, அது காலைச் சமாளித்து வேட்டையாடுகிறது என்று விட்டுவிட்டார்கள். பிப் ஜூனில் பறந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் கால் கெட்டுப்போன வயலெட்டைப் பிடித்துச் சிகிச்சை செய்தும் பிழைக்கவில்லை. முடிவு தவறா என்பது இன்றும் விவாதத்துக்குரியது. குஞ்சு வளர்க்கும் காலத்தில் தலையிடாமல் இருந்ததைக் குறை சொல்வது கடினம் என்பதே இக்கட்டுரையாளரின் எண்ணம்.

மற்ற கூடுகள்

இப்போது நகரெங்கும் கூடுகள் உண்டு. செயின்ட் ஜான் தேவாலயத்தின் வெளிச்சுவரில் புனித ஆண்ட்ரூவின் சிலைக்குப் பின்னால் ஒரு ஜோடி பல ஆண்டு கூடு கட்டியது. டாம்கின்ஸ் சதுக்கத்தின் அருகே 2014-இல் ஒரு ஜோடி தேர்ந்தெடுத்தது ஏ.சி. பெட்டியின் மேற்பரப்பை. நகரில் கூடு கட்டும் மற்றொரு வேட்டைப் பறவையான பைரியின் கதை வேறு. டி.டி.டி. என்ற பூச்சிமருந்தால் முட்டை ஓடு மெலிந்து கிழக்கு அமெரிக்காவில் அழிந்தே போன அப்பறவையை, 1972-இல் அந்த மருந்து தடை செய்யப்பட்ட பின், கூண்டில் வளர்த்து விடுவித்தார்கள். 1983-இல் அவை நியூயார்க்கின் பாலங்களில் கூடு கட்டின. பருந்தை யாரும் கொண்டுவந்து விடவில்லை, தானாக வந்தது.

எலிமருந்து

நகரப் பருந்தின் பெரிய எதிரி இரத்தம் உறைவதைத் தடுக்கும் எலிமருந்து. புரோடிஃபாகூம், புரோமடையலோன் போன்றவை உடலில் வைட்டமின் கே மீண்டும் பயன்படுவதைத் தடுக்கின்றன. தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடித் திரியும். பருந்து பிடிக்க மிக எளிதானது அந்த எலிதான். மருந்து எலியின் ஈரலில் தங்கியிருக்கும். பருந்து அதைத் தின்று உள்ளே இரத்தம் கசிந்து சாகும். 2012 பிப்ரவரியில் சென்ட்ரல் பூங்காவில் இறந்து கிடந்த லிமாவின் உடலில் எலிமருந்து இருந்தது பரிசோதனையில் தெரிந்தது. மாசசூசெட்ஸில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக விலங்கு மருத்துவமனைக்கு வந்த 43 செவ்வால் பருந்துகளைச் சோதித்து 2020-இல் வெளியான ஆய்வில் 43-இலும் இம்மருந்து இருந்தது. புறாவால் வரும் தொல்லையும் உண்டு: அதன் தொண்டையில் வாழும் ஒட்டுண்ணி குஞ்சின் வாயில் கட்டியாகப் படர்ந்து விழுங்க முடியாமல் செய்யும்.

பூங்காத் துறை சில இடங்களில் மருந்துக்குப் பதில் உலர்பனியை எலி வளைகளில் இட்டு மூச்சடைக்கச் செய்யும் முறையைச் சோதித்தது. சென்ட்ரல் பூங்கா விலங்குக் காட்சிசாலையிலிருந்து 2023-இல் தப்பி ஓராண்டு நகரில் சுற்றிய 'ஃப்ளாகோ' என்ற கழுகாந்தை, 2024 பிப்ரவரியில் இறந்தபோது அதன் உடலிலும் எலிமருந்து இருந்தது. அதே ஆண்டு நகர மன்றம் எலிகளுக்குக் கருத்தடை மருந்து கொடுத்துப் பார்க்கும் சோதனைத் திட்டத்துக்கு ஃப்ளாகோ பெயரில் சட்டம் இயற்றியது. இவை பெரும்பாலும் பொது இடங்களைத் தொட்ட முயற்சிகள். தனியார் கட்டடங்களின் பின்சந்துகளில் கருப்புப் பெட்டிகளில் வைக்கும் மருந்து தொடர்கிறது. அந்தச் சந்துகளில் தள்ளாடும் எலியைப் பருந்து தூக்கிப் போவது எந்த பெஞ்சிலிருந்தும் தெரிவதில்லை.