கொள்கலன் மலையேறிய கதை

பறித்த கொழுந்து காத்திருக்காது. சாக்கில் அமுங்கிச் சூடேறினால் சில மணித்தியாலங்களில் கெட்டுவிடும். அதனால்தான் மலையகத்தில் பெரிய தோட்டங்களுக்குள்ளேயே ‘ஸ்டோர்’ எனப்படும் தேயிலைத் தொழிற்சாலை எழுந்தது. கண்டிக்கு மேலே ஹந்தானையில் 1925இல் கட்டிய நான்கு மாடித் தேயிலைத் தொழிற்சாலையும் அந்தக் கணக்கில் வந்ததுதான். பின்னாளில் அது கைவிடப்பட்டுக் கிடந்து, 2001இல் தேயிலை அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. வாட்டி, உருட்டி, காயவைத்து முடித்த தூள் கொழும்பு ஏலத்துக்குப் போக எத்தனை நாள் எடுத்தாலும் பாதகமில்லை. பச்சை இலைக்குத்தான் அவசரம். கணினிக்காரர்கள் இப்போது ‘எட்ஜ்’ என்று பெரிதாகப் பேசுவதும் இதே ஏற்பாடுதான். பச்சைத் தரவைப் பிறந்த இடத்திலேயே பக்குவப்படுத்தி, முடிவை மட்டும் தூரத்துக்கு அனுப்புவது.

இன்று ஓடுகிற ஸ்டோர்கள் பலவற்றில் ‘கலர் சோர்ட்டர்’ என்ற இயந்திரம் நிற்கிறது. தூள் மேலிருந்து விழும்போது கமரா பார்க்கிறது. காம்பைக் கண்டால் கீழே உள்ள காற்றுமுனை அதை ஊதித் தள்ளுகிறது. செக்கனுக்கு மூன்று மீற்றர் வேகத்தில் விழும் துகள் ஒரு மில்லி செக்கனில் மூன்று மில்லிமீற்றர் நகர்ந்துவிடும். காம்பா இலையா என்று சிங்கப்பூரில் இருக்கும் சேர்வரிடம் கேட்டால் என்ன ஆகும்? கண்டியிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் ஏறத்தாழ 2,650 கிலோமீற்றர். கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர்தான் ஓடும். போய்வர 26 மில்லி செக்கனுக்குக் குறையாது, அதுவும் கடலடிக் கேபிள் கோடு கிழித்ததுபோல் கிடந்தால். அதற்குள் காம்பு எட்டு சென்ரிமீற்றர் கீழே போய்த் தூளோடு கலந்திருக்கும்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த இயந்திரத்துக்குள், நிரலைத் தனியே அடைத்து ஓட்டும் கொள்கலனும் கிடையாது, கொள்கலன்களை மேய்க்கும் குபர்நெட்டிஸும் கிடையாது. ஊதுவதா வேண்டாமா என்பதை அதற்கென்றே செய்த மின்சுற்று முடிவெடுக்கிறது. அது அப்படியே இருக்கட்டும். எல்லாவற்றையும் கொள்கலனுக்குள் திணிக்கத் துடிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கொள்கலன் வருவது அதற்கு மேலடுக்கில். தரம் பார்க்கும் கமரா மென்பொருள், உலர்த்தியின் வெப்பத்தைக் கண்காணிப்பது, மழைமானியைப் படிப்பது என்று நான்கைந்து நிரல்களை ஒரு சிறு பெட்டியில் ஓட்ட வேண்டியிருக்கும்போது. அந்தக் கொள்கலன் ஹந்தானை போன்ற ஒரு மலைக்கு வந்து சேர்ந்த வழி நீண்டது.

அதன் மூதாதை 1979இல் பெல் ஆய்வகத்து யூனிக்ஸில் பிறந்த ‘சிரூட்’. ஒரு நிரலுக்கு முழு வட்டையும் காட்டாமல் ஒரு மூலையை மட்டும் காட்டி, இதுதான் உலகம் என்று நம்பவைக்கும் சின்னத் தந்திரம். 2000இல் ஃப்ரீபிஎஸ்டி அதைச் சிறைக்கூடமாக வளர்த்தது. ஆனால் இன்றைய கொள்கலனின் குணத்தை முடிவுசெய்தது 2006இல் கூகுளில் போல் மெனேஜும் ரோஹித் சேத்தும் தொடங்கிய வேலை. ‘சிகுரூப்’ என்ற பெயரில் அது 2008 ஜனவரியில் லினக்ஸ் 2.6.24இல் சேர்ந்தது. ஒவ்வொரு நிரல் கூட்டமும் எவ்வளவு புரொசஸர், எவ்வளவு நினைவகம் எடுக்கலாம் என்று அளந்து கொடுப்பது அதன் வேலை. கூகுளுக்கு அது ஏன் தேவைப்பட்டது? ஒரே இயந்திரத்தில் எவ்வளவு வேலைகளை நெருக்கி அடைக்கலாமோ அவ்வளவையும் அடைக்க. கொள்கலன் பகிர்ந்து வாழப் பிறந்த பிள்ளை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் தொல்லை எல்லாம் இங்கிருந்துதான்.

அடுத்த பத்தாண்டு பலருக்கும் தெரிந்த கதை. 2013 மார்ச்சில் சொலமன் ஹைக்ஸ் ஒரு பைத்தன் மாநாட்டில் ஐந்து நிமிடம் பேசி, கொள்கலன்களை எளிதாகச் செய்து ஓட்டும் டொக்கரைக் காட்டினார். 2014 ஜூனில் கூகுள் குபர்நெட்டிஸை வெளியிட்டது. நூற்றுக்கணக்கான இயந்திரங்களைக் கொத்தணியாகக் கட்டி, எந்தக் கொள்கலன் எதில் ஓடட்டும் என்று தானே தீர்மானிக்கும் மேலாளர் அது. இலங்கைக்கும் இந்தக் கதையில் ஒரு பக்கம் உண்டு. சஞ்ஜீவ வீரவரண 2005இல் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம், தன் ஸ்ட்ராட்டோஸ் என்ற மேகக் கணிமைத் தளத்தை 2013இல் அப்பாச்சி மென்பொருள் அமைப்புக்குக் கொடுத்தது. குபர்நெட்டிஸ் இன்னும் கைக்குழந்தையாக இருந்தபோதே, அதன்மேல் டொக்கர் கொள்கலன்களை ஓட்டும் வசதி ஸ்ட்ராட்டோஸ் 4.1இல் வந்துவிட்டது. அந்தத் திட்டம் பிறகு ஓய்வுக்கு அனுப்பப்பட்டது வேறு கதை.

மேகம் பெருத்துக்கொண்டிருந்த அதே காலத்தில் எதிர்த்திசையில் யோசித்தவர் மகாதேவ் சத்தியநாராயணன். சென்னை ஐஐடியில் படித்துவிட்டு கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்குப் போனவர். 2009இல் அவரும் மூன்று நண்பர்களும் எழுதிய கட்டுரை, தூரத்து மேகத்தை நம்பாமல் பயனருக்குப் பக்கத்திலேயே ஒரு சிறு மேகத்தை வைக்கச் சொன்னது. அவர்கள் மனதில் இருந்தது மெய்நிகர் இயந்திரம். கொள்கலன் அதைவிட இலேசு என்பதால் அந்த இடத்தைப் பின்னால் பிடித்துக்கொண்டது. 2018இல் அமெரிக்காவின் சிக்-ஃபில்-ஏ உணவகங்கள் கடைக்கு மூன்று கைப்பெட்டிக் கணினிகளை வைத்து, அவற்றின்மேல் குபர்நெட்டிஸ் ஓட்டுவதாக அறிவித்தன. 2019இல் ராஞ்சர் நிறுவனம் குபர்நெட்டிஸைச் செதுக்கி, அரை ஜிகாபைட் நினைவகம் உள்ள பெட்டியிலும் ஓடும் கே3எஸ்ஸை வெளியிட்டது. மலையேறுவதற்கு வழி திறந்தது.

உடல் மெலிந்ததே தவிரக் குணம் மாறவில்லை.

ஹந்தானைச் சரிவில் நான்கு கோர் உள்ள ஒரு பெட்டியை நிறுத்தி, தரம் பார்க்கும் கமரா நிரலுக்கு ‘அரைக் கோர் போதும்’ என்று எல்லை வைப்பதாக எடுத்துக்கொள்வோம். லினக்ஸ் அந்த அரையை எப்படி அளக்கிறது? 100 மில்லி செக்கனை ஒரு தவணையாக எடுத்து, அதில் 50 மில்லி செக்கன் ஓட விடுகிறது. நிரல் நான்கு கோரிலும் ஒரே நேரத்தில் பாய்ந்தால் அந்த ஐம்பதும் 12.5 மில்லி செக்கனில் தீர்ந்துவிடும். மீதி 87.5 மில்லி செக்கன் கையைக் கட்டி உட்கார வேண்டியதுதான், பக்கத்தில் கோர்கள் சும்மா கிடந்தாலும். சிங்கப்பூர் போய்வரும் தூரத்தை மிச்சப்படுத்த மலைக்கு வந்தோம். வந்த இடத்தில் அதைவிட மூன்று மடங்குத் தாமதத்தை ஓர் எல்லைக்கோட்டில் நாமே எழுதி வைத்தோம். இதில் ஒரு பழைய பிழையும் சேர்ந்திருந்தது. ஒதுக்கிய நேரம் ஐந்து ஐந்து மில்லி செக்கன் துண்டுகளாகக் கோர்களுக்குப் போய், செலவாகாமலே காலாவதியானது. பங்கை முழுதாகச் செலவழிக்காத நிரலும் தண்டனை வாங்கியது. இன்டீட் நிறுவனத்தின் டேவ் சிலுக் துரத்திப் பிடித்து, 2019இல் லினக்ஸ் 5.4இல் அதைத் தீர்த்து வைத்தார். தொழிற்சாலைப் பெட்டிகளில் பழைய கேர்னலைத் தொடாமல் வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

சராசரியைப் பார்த்தால் இது எதுவும் தெரியாது. பத்து மில்லி செக்கன் சராசரி என்று வரைபடம் காட்டுபவரிடம், ஆயிரத்தில் ஒன்று எவ்வளவு எடுத்தது என்று கேளுங்கள். தரம் பார்க்கும் கமரா தவறவிடுவது அந்த ஒன்றில்தான்.

ஆகவே செம்மைப்படுத்தல் என்று பெயர் வைத்துச் செய்யும் வேலையில் பாதி, பகிரப் பிறந்ததற்குப் பகிராமல் இருக்கப் பழக்குவது. அவசர நிரலுக்கு ஒரு முழுக் கோரை எழுதிக் கொடுத்துவிடுவது. குபர்நெட்டிஸில் இதற்கு ‘ஸ்டற்றிக்’ என்ற ஏற்பாடு உண்டு. 2022 இறுதியில் வந்த 1.26 பதிப்பில்தான் முழுமை பெற்றது. கேட்பதும் எல்லையும் ஒன்றாக, முழு எண்ணாக இருந்தால் மட்டும் அது வேலை செய்யும். 1.5 கோர் என்று எழுதினால் பொதுக் கும்பலோடு அனுப்பிவிடும். பிறகு வலையட்டையும் வட்டும் எழுப்பும் குறுக்கீடுகளை மற்றக் கோர்களுக்குத் திருப்ப வேண்டும். மின்சாரம் சேமிக்க உறங்கும் புரொசஸர் விழித்தெழும் நேரத்தைக்கூடக் கணக்கில் எடுத்து, உறக்கத்தைக் குறைக்க வேண்டும். பெட்டி சூடாகும், மின்கட்டணம் ஏறும். அது விலை, கொடுக்கவா வேண்டாமா என்பதை ஸ்டோர்காரர்தான் சொல்ல வேண்டும், பொறியியலாளர் அல்ல.

மீதிப் பாதி, தரவு மையத்துப் பழக்கங்களைக் களைவது. அதில் என்னை அதிகம் எரிச்சலூட்டுவது பெயர் தேடும் பழக்கம். கொள்கலனுக்குள் இருந்து ஒரு வெளி முகவரியைக் கேட்டால், அதில் ஐந்து புள்ளிக்குக் குறைவாக இருக்கும்போது, கொத்தணியின் சொந்தப் பின்னொட்டுகளை ஒட்டி ஒட்டி இல்லாத மூன்று பெயர்களை முதலில் தேடும். ஐபி முகவரியின் இரண்டு வகைக்கும் சேர்த்து ஆறு வீண் கேள்விகள். அந்த இரட்டைக் கேள்விகள் கேர்னலுக்குள் முட்டிக்கொண்டு ஒன்று தொலைந்துபோனால், ஐந்து செக்கன் காத்திருந்து மறுபடி கேட்கும். மில்லி செக்கனுக்குப் போராடிக்கொண்டிருக்கையில் ஐந்து செக்கன்! முகவரியின் கடைசியில் ஒரு புள்ளி வைத்தால் வீண் தேடல் நிற்கும். பெட்டியிலேயே ஒரு பெயர்ச் சேமிப்பு வைத்தால் மற்றதும் பெரும்பாலும் அடங்கும்.

கொத்தணியின் நினைவேடும் அப்படித்தான். அந்த நினைவேடான எட்சிடி ஒவ்வொரு மாற்றத்தையும் வட்டில் பதிந்த பிறகே தலையாட்டும். பல பெட்டிகளில் ஓடும்போது, அவற்றில் தலைவரான பெட்டி ஒரு செக்கன் அளவுக்குப் பேசாமல் இருந்தால் தேர்தல் வைத்துவிடும். மெமரி கார்டில் ஓட்டினால் அட்டை திணறும்போதெல்லாம் தேர்தல்தான். ஒற்றைப் பெட்டிக்கு கே3எஸ் இயல்பாக எஸ்கியூலைட் என்ற சிறு தரவுத்தளத்தையே எடுத்துக்கொள்கிறது.

தாமதத்தைவிட மலையில் பெரிது தொடர்பு அறுவது. மழைமானியை எடுத்துக்கொள்ளுங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 150 என்றால் வெளியேற்றம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு அளவு வைத்திருக்கிறது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் தொழிலாளர் லயங்கள் புதைந்த பிறகு அந்த எண்கள் எந்தத் தோட்டத்துக்கும் வெறும் எண்கள் அல்ல. இங்கே மில்லி செக்கனுக்கு அவசரமில்லை; அதே மழையில் இணைப்பு போகும்போது பெட்டி தன்பாட்டில் எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். குபர்நெட்டிஸின் கட்டுப்பாட்டு மையத்தைக் கொழும்பில் வைத்திருந்தால், ஒரு நிமிடம்கூட ஆகுமுன் மலைப்பெட்டி ‘தயாரில்லை’ என்று எழுதப்படும். மேலும் ஐந்து நிமிடத்தில் அதன் கொள்கலன்களை அகற்றும்படி குறிப்பு விழும். மலையில் அவை ஒன்றும் அறியாமல் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். இணைப்பு திரும்பி வந்து குறிப்பு கைக்கு எட்டும்போதுதான் கொல்லப்படும். அந்த ஐந்து நிமிடக் கெடுவை எடுத்துவிட வேண்டும், அல்லது மூளையையும் மலையிலேயே வைக்க வேண்டும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

கடைசியாக ஒரு சில்லறை விஷயம். கொள்கலனை எழுப்பும் கோப்பான படிமத்துக்குப் பதிப்பு எண் போடாமல் விட்டால் குபர்நெட்டிஸ் அதை ‘லேட்டஸ்ட்’ என்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு தொடக்கத்திலும் தூரத்துக் களஞ்சியத்தைக் கேட்கும். மின்சாரம் போய் வந்து, இணைப்பு இன்னும் வராத நேரத்தில், வட்டிலேயே படிமம் இருந்தும் கொள்கலன் எழும்பாது. எண்ணைப் போட்டுவிட்டு, பெட்டியை மலைக்கு ஏற்றுமுன் இணையக் கேபிளைக் கழற்றி ஒருமுறை அணைத்துப் போட்டுப் பாருங்கள்.