செங்குருதியணுவின் மூப்பும் ஆக்சிஜனேற்றமும்: பிரைமாகுயின் சான்றின் மறுவாசிப்பு

மனிதச் செங்குருதியணு ஏறத்தாழ 120 நாளில் அழிவதற்கு ஆக்சிஜனேற்ற அழுத்தமே, அதாவது அணுவினுள் உருவாகும் வினைமிகு ஆக்சிஜன் வகைகள் அதன் புரதங்களையும் சவ்வையும் சிதைப்பதே, முதற்காரணம் எனக் கொள்ளும் ஆய்வு மரபு ஒன்று உண்டு. பியூட்லர், டெர்ன், ஆல்விங் ஆகியோர் 1954இல் வெளியிட்ட பிரைமாகுயின் ஆய்வை அம்மரபு நேரடிச் சான்றாகக் கொள்கிறது. அச்சான்று அம்முடிவைத் தாங்காது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இல்லினாய் மாநிலத்தின் ஸ்டேட்வில் சிறையில், இன்றைய அறநெறி ஏற்காத சூழலில், கைதிகளிடம் நடத்தப்பட்ட அச்சோதனையில், மலேரியா மருந்தான பிரைமாகுயினால் குருதியழிவுக்கு ஆளாகக்கூடியோரின் அணுக்கள் கதிரியக்க இரும்பினால் குறியிடப்பட்டன. அவ்வணுக்கள் 8 முதல் 21 நாள் வயதில் மருந்தைத் தாங்கின; 63 முதல் 76 நாள் வயதில் அழிந்தன. மூத்த அணுக்கள் தீர்ந்ததும், மருந்து தொடர்ந்தபோதிலும், அழிவு தானே தணிந்தது.

இதிலிருந்து மூப்பு என்பதே ஆக்சிஜனேற்றத் தேய்வு என முடிவுகட்டுவோர், சோதிக்கப்பட்டவை எவ்வகை அணுக்கள் என்பதைப் போதிய அளவு எண்ணிப்பார்ப்பதில்லை. அவை ஜி6பிடி குறைபாடுடையவை என்பது 1956இல் தெரியவந்தது; ஆக்சிஜனேற்றத்தை எதிர்க்கும் குளுட்டாதயோனைப் புதுப்பிக்கத் தேவையான ஒடுக்கும் ஆற்றலை வழங்கும் நொதி இதுவே. உட்கரு இல்லாத அணு இழந்த நொதியை மீண்டும் ஆக்கிக்கொள்ள இயலாது. இந்நொதியின் அரைவாழ்வு இயல்பான அணுவில் ஏறத்தாழ 62 நாள். ஆப்பிரிக்க வழியினரிடம் பரவலாக உள்ள குறைபாட்டு வகையிலோ ஏறத்தாழ 13 நாள் மட்டுமே. வீழ்ச்சி சீரானது எனக் கொண்டால், குறைபாட்டு அணுவில் 21ஆம் நாளில் தொடக்க அளவின் மூன்றிலொரு பங்கும், 63ஆம் நாளில் முப்பதிலொரு பங்கை ஒட்டிய அளவும் எஞ்சும். இயல்பான அணுவிலோ 120ஆம் நாளிலும் கால்பங்கு இருக்கும். எனவே, இந்நொதியைப் பொறுத்தவரை, ஆயுள் முடியும் இயல்பான அணு, சோதனையில் அழிந்த அணுவைவிடத் தாங்கிய அணுவுக்கே நெருக்கமானது.

மருந்து இல்லாதபோது இதே குறைபாட்டு அணுக்கள், நொதி ஏறக்குறைய வற்றிய பின்னரும், இயல்பைவிடச் சற்றே குறைந்த ஆயுளுடன் வாழ்கின்றன என்பது இன்னும் வலுவான சான்று. நாள்தோறும் ஹீமோகுளோபினில் 1 முதல் 3 விழுக்காடு தானே ஆக்சிஜனேற்றமடைந்து சூப்பராக்சைடை விடுவிக்கிறது எனினும், அன்றாடச் சுமை மட்டுமே அணுவின் இறுதிநாளை முடிவுசெய்யுமாயின் அவை நெடுநாள் முன்பே அழிந்திருக்க வேண்டும். மிகக் கடுமையான குறைபாட்டு வகைகளில் மருந்தின்றியே நாட்பட்ட குருதியழிவு நேர்கிறதே என்னும் மறுப்பு, காப்புக்கு ஒரு கீழெல்லை உண்டு என்பதை மட்டுமே நிறுவுகிறது. இயல்பான அணு அவ்வெல்லையைத் தொடுகிறது என்பதை அது காட்டவில்லை.

சிதைந்த ஹீமோகுளோபின் சவ்வின் பேண்ட் 3 புரதத்தைத் திரளச் செய்ய, அத்திரளை இயற்கை எதிர்ப்பொருள்கள் இனங்கண்டு மூத்த அணுவை அகற்றச் செய்கின்றன என்னும் விளக்கத்தை எளிதில் ஒதுக்க இயலாது. ஆயினும் அதன் ஆதாரங்களில் கணிசமானவை அடர்த்தி மிகுந்த அணுக்களையே மூத்த அணுக்களாகக் கொண்டவை. அடர்த்தியும் வயதும் முழுமையாகப் பொருந்துவதில்லை. ஆக, 1954ஆம் ஆண்டின் சோதனை நிறுவுவது, குறைபாட்டு அணுவின் காப்பு வயதோடு நலிகிறது என்பதையே. இயல்பான அணுவை அகற்றுவது ஆக்சிஜனேற்றம்தானா என்பதை, வயது குறியிடப்பட்ட இயல்பான அணுக்களில் காப்பையும் சுமையையும் தனித்தனியே அளக்கும் ஆய்வே தீர்மானிக்க வேண்டும்.