8 பல்லுக்கு எத்தனை பல்? பெரிய டயருக்குப் பின்னால் இருக்கும் ஆக்ஸில் கதை



ஜீப் மாதிரி ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்குறவங்க முதல்ல கை வைக்கிறது டயர்ல தான். "பெருசா போட்டா வண்டி கெத்தா இருக்கும்." உண்மை தான், இருக்கும். ஆறு மாசம் கழிச்சு அதே ஆள் "மேட்டுல இழுக்கவே மாட்டேங்குது, ஹாஃப் கிளட்ச்லயே ஏற வேண்டியிருக்கு" என்று புலம்புவார்.

டாக்டருக்கு ஆக்ஸில்ல என்ன வேலை என்று கேட்காதீர்கள். பத்து கிலோ குழந்தைக்குக் கொடுக்கும் டோஸை அறுபது கிலோ ஆளுக்குக் கொடுத்தா வேலை செய்யாது என்பது எங்க தொழிலின் அரிச்சுவடி. இதுவும் டோஸ் கணக்கு தான். இந்தக் கணக்கை மனிதர்கள் எப்படிப் படிப்படியாகக் கற்றுக்கொண்டார்கள் என்பது நல்ல சரித்திரம். கொஞ்சம் நீளம், பொறுமையா வாங்க.

முதல்ல உடம்புல இருந்து ஆரம்பிப்போம்.

முழங்கையை மடக்கி உள்ளங்கையில் ஒரு கிலோ அரிசிப் பையை வைங்க. அந்தப் பையைத் தாங்கும் பைசெப்ஸ் தசை எலும்பில் ஒட்டியிருப்பது முழங்கை மூட்டிலிருந்து 4 அல்லது 5 செ.மீ தூரத்தில். பை இருப்பதோ 30 செ.மீக்கும் அப்பால். அதனால ஒரு கிலோவைத் தாங்க தசை ஆறு ஏழு மடங்கு விசையோட இழுக்கணும். கை நீளம் கூடினா தசைக்குச் சுமை கூடும்.

டயரின் ஆரம் தான் வண்டியோட கை நீளம். எஞ்சின் தான் தசை. டயர் பெருசானா கை நீளுது, தசை அப்படியே இருக்கு.

சரி, நடுவுல இதைச் சரிக்கட்ட ஏதாவது இருக்கா? இருக்கு. பின் ஆக்ஸில் நடுவில் குடம் மாதிரி உருண்டையா ஒரு பாகம் பார்த்திருப்பீங்க. அதுக்குள்ள ஒரு சின்ன பல்சக்கரம், ஒரு பெரிய பல்சக்கரம். மெக்கானிக் பாஷையில் பினியன், கிரவுன். புரொபெல்லர் ஷாஃப்ட் பினியனைச் சுத்தும், பினியன் கிரவுனைச் சுத்தும், கிரவுன் டயரைச் சுத்தும்.

1941-ல் அமெரிக்க ராணுவத்துக்காக உற்பத்திக்கு வந்த வில்லிஸ் எம்.பி. ஜீப்பில் பினியனுக்கு 8 பல், கிரவுனுக்கு 39 பல். 39-ஐ 8-ஆல் வகுத்தால் 4.88. அதாவது ஷாஃப்ட் ஏறக்குறைய ஐந்து சுத்து சுத்தினா டயர் ஒரு சுத்து. வேகம் ஐந்தில் ஒரு பங்காகும், இழுவை ஐந்து மடங்காகும். 60 குதிரைசக்தி எஞ்சின், மணிக்கு 100 கி.மீ தொடும் வண்டி. ராணுவத்துக்கு வேகமும் வேணும், சேறும் தாண்டணும். 4.88 என்பது அந்த ரெண்டுக்கும் நடுவில் செய்த சமரசம்.

1945-ல் போர் முடிந்தது. ஜீப்பை யாருக்கு விற்பது? விவசாயிக்கு. சி.ஜே-2ஏ என்ற பெயரில் வந்த அந்த ஜீப்பில் ஏர் பூட்டலாம், பி.டி.ஓ வைத்து மரம் அறுக்கலாம் என்றெல்லாம் விளம்பரம் செய்தார்கள். எஞ்சின் அதே குடும்பம். டயர் அளவும் அதே 6.00-16. ஆனா ஆக்ஸிலைத் திறந்து பார்த்தா கிரவுனில் 43 பல்! 43-ஐ 8-ஆல் வகுத்தால் 5.38.

நாலே நாலு பல் தான் கூட்டினாங்க. இழுவை 10 சதவீதம் கூடிடுச்சு, அதே அளவுக்கு உச்ச வேகம் போச்சு. வயல்ல ஏர் இழுக்குற வண்டிக்கு 100 கி.மீ வேகம் எதுக்கு? அந்த நாலு பல்லில் "இந்த வண்டி யாருக்கு, எதுக்கு" என்ற முடிவு முழுசா அடங்கியிருக்கு. எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடிச்ச இடம் இது தான். (அந்த 1940-களின் கடைசியில் மஹிந்திரா பம்பாயில் அசெம்பிள் செய்ய ஆரம்பித்ததும் வில்லிஸ் ஜீப்பைத் தான்.)

அப்படின்னா பல்லைக் கூட்டிக்கிட்டே போகலாமே என்று தோணும். ரெண்டு தடை இருக்கு.

ஒண்ணு, இடம். கிரவுனின் விட்டம் ஆக்ஸில் குடத்துக்குள்ள அடங்கணும். விட்டத்தை மாத்தாம விகிதத்தை ஏத்தணும்னா பினியன் தான் சின்னதாகணும். சின்ன பினியனில் பல்லும் குறைவு, ஒரே நேரத்தில் சுமை தாங்கும் பரப்பும் குறைவு. பெரிய டயர் போட்டு, பெரிய சுமை ஏத்தி, தாங்குற பல்லை மட்டும் மெலிதாக்கினா என்ன ஆகும்? உடையும். பெரும்பாலும் ஆள் இல்லாத காட்டுல தான் உடையும்.

ரெண்டாவது தடை டீசல் எஞ்சினோட குணம். பெட்ரோல் எஞ்சின் 6,000 சுத்து வரை கூசாம கத்தும். வண்டிகளில் வரும் டீசல் பெரும்பாலும் 4,000 சொச்சத்தில் மூச்சு வாங்கும். அதன் பலம் எல்லாம் கீழே, 1,500-லிருந்து 3,000 வரை. அதுக்குக் கீழே பெரிய சுமையை ஏத்தினா கருப்புப் புகை, சூடு, அதிர்வு. மேலே போனா வெறும் சத்தம். ஆக, டீசல் வண்டிக்கு விகிதம் தேர்வு செய்வது என்பது எஞ்சினை அந்தக் குறுகிய வரம்புக்குள்ள நிறுத்தி வைப்பது. நாங்க ரத்தத்துல சர்க்கரையை ஒரு வரம்புக்குள்ள வைக்கப் படாதபாடு படுறோமே, அது மாதிரி.

இந்த ரெண்டு தடையையும் அழகா தாண்டியது ஒரு ஜெர்மன் வண்டி. பேரு உனிமாக்.

போரில் தோற்ற ஜெர்மனியில் பசி. விமான எஞ்சின் துறையில் இருந்த ஆல்பர்ட் ஃபிரீட்ரிஷ் என்ற பொறியாளர் 1945-ல் விவசாயத்துக்கு ஒரு வண்டி வரைய உட்கார்ந்தார். ரெண்டு சக்கரத்துக்கு நடுவே இருந்த இடைவெளி 1.27 மீட்டர். ஏன் தெரியுமா? உருளைக்கிழங்கு வரிசை ரெண்டு அதுக்குள்ள அடங்கும்! 1948-ல் உற்பத்திக்கு வந்தபோது அதில் இருந்தது 25 குதிரைசக்தி டீசல் எஞ்சின். வயலில் ஆமை மாதிரி நகரணும், ரோட்டில் 50 கி.மீ வேகத்தில் சந்தைக்குப் போகணும், நாலு சக்கரமும் பெருசு.

அவர் என்ன செய்தார் என்றால், மொத்தக் குறைப்பையும் நடு ஆக்ஸில் தலையில் கட்டவில்லை. பாதியை அங்கே, மீதியை ஒவ்வொரு சக்கரத்தின் ஹப்பிலும் வைத்த தனி கியரில். நடுவில் இருக்கும் கிரவுனும் பினியனும் சின்னதா, பலமா இருக்கலாம். ஆக்ஸில் தண்டு சக்கரத்தின் மையத்துக்கு மேலே போவதால் கல் இடிக்காது. போர்டல் ஆக்ஸில் என்று இதுக்குப் பெயர். உனிமாக் அதைக் கடைசி வரை விடவில்லை.

ஆனா சாதாரண ஜீப்பை வாங்கி, கொட்டகையில் வைத்து, கையால் மாத்தியவர்களின் கதை வேறு. அது நடந்தது ஐஸ்லாந்தில்.

இரண்டாம் உலகப்போரில் 1940-ல் பிரிட்டிஷ் படையும் 1941-ல் அமெரிக்கப் படையும் அந்தத் தீவில் இறங்கின. போர் முடிந்ததும் ஜீப்புகளும் டாட்ஜ் ராணுவ வண்டிகளும் உள்ளூர்க்காரர்கள் கைக்கு வந்தன. இன்னைக்கும் ஐஸ்லாந்து மொழியில் இந்த மாதிரி வண்டி எல்லாத்துக்கும் பொதுப்பெயர் "யெப்பி". ஜீப் தான் அப்படி மருவியது.

நாட்டின் பத்தில் ஒரு பங்கு பனிப்பாறை. நடுவில் மேட்டுநிலம், குளிர்காலத்தில் ரோடே கிடையாது. பனியில் வண்டி புதையும். அவர்கள் கண்டுபிடித்த வைத்தியம் எளிமையானது: டயரைப் பெருசாக்கு, காத்தை இறக்கு. நம்ம பங்க்ல 30 பி.எஸ்.ஐ அடிப்போமே, அவர்கள் பனியில் 3-க்கும் கீழே இறக்குவார்கள். டயர் பரந்து படுத்துக்கொள்ளும். ஒரு காலை ஊன்றி நடக்கும் மனிதன் தரையில் கொடுக்கும் அழுத்தம் அதைவிட அதிகம். அதாவது, நீங்க இறங்கி நடந்தா கால் புதையும் பனியில் ரெண்டு டன் வண்டி மேலாக மிதந்து போகும்!

1980-களில் 38 அங்குலம், 44 அங்குலம் என்று டயர் வளர்ந்தது. வளர்ந்தவுடன் நம்ம ஆட்களுக்கு வந்த அதே புலம்பல் அங்கேயும். கிளட்ச் தீஞ்சது, ஆக்ஸில் உடைஞ்சது. அவர்கள் டயரைக் கழட்டாமல் கணக்குப் போட்டார்கள்.

கணக்கு இது தான்: பழைய விகிதத்தைப் புது டயர் அளவால் பெருக்கி, பழைய டயர் அளவால் வகுக்கணும்.

ஒரு டீசல் வண்டி, கம்பெனி டயர் 31 அங்குலம், விகிதம் 3.9 என்று வைப்போம். டாப் கியரில் எஞ்சினும் ஷாஃப்டும் சம வேகம். 100 கி.மீ வேகத்தில் எஞ்சின் சுமார் 2,630 சுத்து. 44 அங்குலம் போட்டா அதே வேகத்தில் 1,850. "அட, எஞ்சின் நிதானமா ஓடுதே, மைலேஜ் கூடுமே" என்று ஏமாறுவது இங்கே தான். அந்த 1,850-ல் அது எதிர்காத்தையும் மேட்டையும் முன்னைவிட நீண்ட கையோட தள்ளணும். ரெண்டு கியர் இறக்குவீங்க, டீசல் குடிக்கும்.

கணக்குப்படி தேவை 5.54. ஆனா கிரவுனும் பினியனும் செருப்பு மாதிரி, நமக்கு வேண்டிய சைஸில் எல்லாம் கிடைக்காது. டொயோட்டா ஆக்ஸிலுக்குக் கிடைப்பவை 4.10, 4.56, 4.88, 5.29 என்று சில எண்கள் தான். 5.29 போட்டா 100 கி.மீ வேகத்தில் சுமார் 2,500 சுத்து. டீசலின் நடு வரம்பு. போதும். இதே 5.29-ஐ 31 அங்குல டயரோட போட்டீங்கன்னா 3,560 சுத்து, காது கிழியும். ஆக, "எந்த விகிதம் நல்லது" என்ற கேள்விக்கு டயர் அளவைச் சொல்லாமல் பதிலே கிடையாது.

அப்புறம், முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் ஒரே விகிதம் இருக்கணும். காசை மிச்சம் பிடிக்க பின்னாடி மட்டும் மாத்தினா, ஃபோர் வீல் போட்டவுடன் முன்னும் பின்னும் ஒண்ணை ஒண்ணு எதிர்த்து இழுக்கும். ஏதோ ஒரு பல் உடையும் வரை இழுக்கும்.

கியரை மாத்தினாலும் தீராத விசயம் பிரேக். நீண்ட கை எஞ்சினுக்கு மட்டும் எதிரி இல்லை, பிரேக்குக்கும் எதிரி. அதே டிஸ்க், அதே பேட், டயர் மட்டும் 31-லிருந்து 44 என்றால், அதே மிதிக்கு டயர் ரோட்டைப் பிடிக்கும் விசை 30 சதவீதம் குறையும். ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்ல ஆரம்பிக்கும். அவ்வளவு கூட வேண்டாம். 29-லிருந்து 33 அங்குலம் மாத்தினாலே முள் 80 காட்டும்போது வண்டி போவது 91. மோதும்போது இருக்கும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், அதாவது 29 சதவீதம் அதிகம். காயங்களைத் தைக்கும் எங்களுக்கு அந்த 29 சதவீதத்தின் அர்த்தம் தெரியும்.

ஐஸ்லாந்தில் மாத்திய வண்டியைத் தனியாகப் பரிசோதித்து, மாத்தியதாகவே பதிவு செய்கிறார்கள். நம்ம ஊரில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இருக்கு, 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. கடைக்காரர் அதைச் சொல்ல மாட்டார், நான் சொல்லிட்டேன்.

அங்கே இது வெறும் பொழுதுபோக்காக நின்றுவிடவும் இல்லை. ஐஸ்லாந்தின் மீட்புக் குழுக்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்களால் ஓடுபவை. புயலில் மாட்டியவர்களைத் தேடிப் போக அவர்களிடம் இருப்பது இப்படி மாத்திய டீசல் வண்டிகள். 1990-ல் அங்குள்ள டொயோட்டா விற்பனையாளரின் ஒரு பிரிவாகத் தொடங்கிய ஆர்க்டிக் டிரக்ஸ், இந்தக் கொட்டகை அறிவைத் தொழிலாக்கியது.

இப்போ நம்ம நாட்டுக்கு வருவோம்.

2010 நவம்பர் 22. கோவாவில் உள்ள தேசிய அண்டார்டிக் மற்றும் பெருங்கடல் ஆய்வு மையத்தின் இயக்குநர் ரசிக் ரவீந்திரா தலைமையில் எட்டு இந்தியர்கள் தென் துருவத்தை அடைந்தார்கள். இந்தியாவின் முதல் தென் துருவ அறிவியல் பயணம் அது. புறப்பட்ட இடம் மைத்ரி ஆய்வு நிலையம். நேர்கோட்டில் அளந்தாலே 2,100 கி.மீக்கு மேல். போனது நாலு டொயோட்டா ஹைலக்ஸில், ஆர்க்டிக் டிரக்ஸ் மாத்தியது, 44 அங்குல டயர்.

(1958 ஜனவரியில் எட்மண்ட் ஹிலாரி துருவம் போனது ஃபெர்குசன் டிராக்டரில்! ஆனா அதில் டயரைச் சுத்தி டாங்கி மாதிரி சங்கிலிப் பட்டை மாட்டியிருந்தார்கள்.)

தென் துருவம் 2,835 மீட்டர் உயரத்தில் இருக்கு. குளிரால் அங்கே காற்றழுத்தம் இன்னும் குறைவு, உடம்புக்கு அது 3,000 மீட்டருக்கும் மேல் ஏறிய மாதிரி. மனிதனுக்குத் தலைவலி, மூச்சிரைப்பு வரும், நாங்க அசிட்டசோலமைடு மாத்திரை கொடுப்போம். டீசல் எஞ்சினுக்கும் அதே ஆக்சிஜன் பஞ்சம் தான். அதுக்கு மாத்திரை கிடையாது. டர்போ கொஞ்சம் காப்பாத்தும், மீதியை ஆக்ஸில் கியர் தான் சுமக்கணும்.

உங்க வண்டியில் எத்தனை என்று தெரிஞ்சுக்க ஆக்ஸிலைத் திறக்க வேண்டாம். சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பின்னாடி ரெண்டு டயரும் தூக்கி நிற்கும்படி ஸ்டாண்டில் வைங்க. எஞ்சினை அணைத்து நியூட்ரல் போட்டு, ஹேண்ட் பிரேக்கை எடுத்துடுங்க. டயரிலும் புரொபெல்லர் ஷாஃப்டிலும் சுண்ணாம்பால் ஒரு கோடு. ரெண்டு டயரையும் ஒண்ணா, ஒரே ஒரு சுத்து சுத்துங்க. ஷாஃப்ட் எத்தனை சுத்து வந்ததுன்னு ஒருத்தர் பக்கத்துல உட்கார்ந்து எண்ணட்டும். நாலுக்குக் கொஞ்சம் கூடவா, ஐந்துக்குக் கொஞ்சம் குறைவா என்று பார்த்துட்டு, அப்புறமா டயர் கடைக்குப் போங்க.