சென்னை - திருச்சி: இடது பக்க சன்னல்

சென்னையிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்தான். இதுக்குப் போய் சன்னல் சீட்டுக்குத் தனியா காசு குடுப்பியான்னு நண்பன் சிரிச்சான். குடுத்தேன். போன டிசம்பர்ல, விடியற்காலை விமானம், இடது பக்க சன்னல். ரெண்டு விசிறி வச்ச சின்ன விமானம்ங்க, றெக்கை தலைக்கு மேல இருக்கும், கீழே எதையும் மறைக்காது.

மேப்புல சென்னைக்கும் திருச்சிக்கும் ஒரு நேர்கோடு போட்டுப் பாருங்க. பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவுல போகும். தெற்கே போகும்போது வலது பக்கம் பெரம்பலூர், பச்சைமலை, ரஞ்சன்குடி கோட்டை. 17ஆம் நூற்றாண்டுக் கோட்டை, நல்ல கோட்டைதான். ஆனா திருச்சி பஸ்ல போறவங்க எல்லாரும் நெடுஞ்சாலையிலிருந்தே பார்த்ததுதானே! அதனால இடது பக்கம்.

முதல்ல கண்ணுல படுறது அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள். பச்சைக்கு நடுவுல வெளுத்த பெரிய பெரிய குழிகள். சுமார் 10 கோடி வருஷத்துக்கு முன்னால இந்தப் பக்கமெல்லாம் கடல். நத்தை மாதிரி சுருண்ட அம்மோனைட்டுகள் செத்து அடியில படிஞ்ச கடல். 1860கள்ல ஹென்றி பிளான்ஃபோர்டு இந்தப் பாறைகளை ஆராய்ஞ்சு ஒரு வகைக்கு அரியலூர் பேரையே வச்சார். பெரம்பலூர் பக்கம் சாத்தனூர்ல கல்லாகிப் போன 18 மீட்டர் மரத்தை 1940ல கண்டு சொன்னவர் எம்.எஸ். கிருஷ்ணன். அதே கடல் கதைதான். அந்தக் கடலோட ஒரு பகுதி தினமும் சிமெண்ட் மூட்டையாகிப் போய்க்கிட்டிருக்கு. நம்ம வீட்டுச் சுவர்லயும் கொஞ்சம் இருக்கும்.

அப்புறம் மருதையாறு. மேலேருந்து பார்த்தா மணல் கோடு மாதிரி. 1956 நவம்பர் 23 விடியற்காலை, மழை வெள்ளத்துல இந்த ஆத்துப் பாலம் போய், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. 140 பேருக்கு மேல இறந்தாங்க. லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சர் பதவியை விட்டது இதுக்காகத்தான். (பெரம்பலூர்ல சேர்த்துட்ட அரியலூர் மறுபடியும் தனி மாவட்டமானதும் ஒரு நவம்பர் 23தான், 2007ல.)

ஆனா நான் காசு குடுத்தது இதுக்கெல்லாம் இல்லை, சோழகங்கத்துக்கு.

எங்க அம்மா ஊர் ஜெயங்கொண்டம் பக்கம். சின்ன வயசுல லீவுக்குப் போனா பொன்னேரிக் கரை மேல நடப்போம். ஏதோ ரோட்டு மேடுன்னுதான் நினைச்சேன். அதுதான் ராஜேந்திர சோழன் வெட்டின சோழகங்கம்னு காலேஜ் படிக்கும்போதுதான் தெரியும். சுமார் 1023ல அவன் படை கங்கை வரைக்கும் போய்த் தண்ணி கொண்டு வந்தது. அந்த வெற்றிக்கு நிறுத்தின நீராலான தூண்னு இந்த ஏரியைத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்லுது. தண்ணில எப்படிய்யா தூண்?

19ஆம் நூற்றாண்டுக் குறிப்புகள்ல கரை நீளம் 16 மைல்னு இருக்கு. தெற்கே கொள்ளிடத்திலிருந்து 60 மைலுக்கு மேல ஒரு கால்வாய், வடக்கே வெள்ளாற்றிலிருந்து இன்னொண்ணு. அப்பவே தூர்ந்து காடு மண்டிக் கிடந்ததாம். கரை மேல நின்னா இதெல்லாம் மண்டையில ஏறாது. வெள்ளாறும், திருச்சியைத் தாண்டிப் போற கொள்ளிடமும் எங்கே, இந்த ஏரி எங்கே?

கங்கைகொண்ட சோழபுரம் கோயில் தெரியும்னு நம்பிப் போகாதீங்க. நாப்பது அம்பது கிலோமீட்டர் தூரம், விமானத்திலிருந்து விமானம் தெரியாது :-) ஏரி தெரியும். வெள்ளாத்தைத் தாண்டிக் கொஞ்ச நேரத்துல, தாழ்வா இருந்த வெயில் பட்டு, தென்கிழக்கே வெள்ளித் தகடு மாதிரி ஒரு கீத்து. அரை நிமிஷம் இருக்கும். பக்கத்து சீட்டுக்காரர் நல்ல தூக்கம், எழுப்பிச் சொல்லலாமான்னு கூட தோணிச்சு.

கல்லுக்கு என்ன ஆச்சு தெரியுமா? 1836ல கொள்ளிடத்துல கீழணை கட்டினப்ப, கங்கைகொண்ட சோழபுரம் கோயில் மதிலைப் பிரிச்சுக் கல்லைக் கொண்டு போயிட்டாங்க. கட்டினவனோட அரண்மனை செங்கல் அஸ்திவாரமா மாளிகைமேட்டுல கிடக்கு. தூர்ந்து சுருங்கினாலும் அந்தத் தண்ணித் தூண் மழைக்கு மழை நிரம்புது.

போறவங்க வடகிழக்குப் பருவமழை முடிஞ்சதும், டிசம்பர் ஜனவரியில, காலை முதல் விமானத்துல போங்க. சென்னைக்குத் திரும்பி வரும்போது இதெல்லாம் வலது பக்கம்.